கண்ணின் படம் கைவசம், பார்வை எங்கே? விஞ்ஞான ஆசிரிய பயிலுநர்களிடையே ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்பிக்கப் பயிலும், நான் விரிவுரையாளராக இருக்கும் ஒரு வகுப்பைப் பற்றியது இந்த ஆய்வு. பயிலுநர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஹற்றன், பொகவந்தலாவை, இராகலைப் பக்கத்தவர்கள். பதுளை, பண்டாரவளையிலிருந்து வந்தவர்களும் உண்டு. உயர்தரத்தில் சிலர் உயிரியல் பிரிவு, சிலர் கணிதப் பிரிவு. இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டு ஏதாவதொரு பாடசாலைக்குக் கட்டுறுப் பயிற்சிக்குப் போவார்கள். அங்கே தரம் 9இல் கண்ணையும் காதையும் அவர்களே படிப்பிக்க வேண்டும்.

கண் அவர்களுக்குப் புதிய பாடமில்லை. தரம் 9இல் அதன் பகுதிகளைப் படித்தாயிற்று. தரம் 11இல் வில்லைகளையும், ஒளி போகும் வழியைக் கோடாகக் காட்டும் கதிர்ப்படங்களையும் படித்தாயிற்று. வெற்றுத்தாளைக் கொடுத்துக் கண்ணின் வெட்டுமுகத்தை வரையச் சொன்னால் மளமளவென்று வரைகிறார்கள். விழிவெண்படலம், கதிராளி, கண்மணி, வில்லை, விழித்திரை, மஞ்சட் பொட்டு, குருட்டிடம், பார்வை நரம்பு எல்லாம் அந்தந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. குவிவு வில்லைக்குக் கதிர்ப்படம் கீறச் சொன்னாலும் அப்படித்தான். அடிமட்டத்தை வைத்து இரண்டு கோடு, விம்பம் தயார்.

சிக்கல் தாளின் பின்பக்கத்தில் தொடங்கியது. அங்கே பெயரிடும் வேலை எதுவும் இல்லை. இது நடந்தால் என்ன ஆகும், ஏன் என்ற மாதிரிக் கேள்விகள் மட்டும்.

முதல் கேள்வி மிக எளியது. மேசையில் ஒரு தேயிலைக் கிளை, மேலே எரியும் மின்குமிழ், ஒரு பக்கத்தில் ஒரு பையன். அவன் கிளையைக் காண்பது எப்படியென்று அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும். குமிழிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து கண்ணுக்கும் அம்பு போட்டவர்கள் சிலரே. பலர் குமிழிலிருந்து கிளைக்கு அம்பு போட்டு அத்தோடு நிறுத்தியிருந்தார்கள். வெளிச்சம் விழுந்தால் போதும், பொருள் தானாகத் தெரிந்துவிடும் என்ற எண்ணம். இன்னும் சிலரின் அம்பு பையனின் கண்ணிலிருந்து கிளம்பிக் கிளையைத் தொட்டது. கதிர்ப்படத்தைப் பிசகில்லாமல் கீறிய ஒரு கணிதப் பிரிவுப் பயிலுநரும் இந்தக் கூட்டத்தில் இருந்தார்.

இதைப் பார்த்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளைகள், கண்ணூறு திருஷ்டி என்று வளர்ந்தவர்கள், அதனால்தான் இப்படி என்று யாராவது சொல்லக்கூடும். நான் அதை ஏற்கமாட்டேன். அமெரிக்காவின் ஒஹாயோவில் வைனர், கொட்ரெல் என்ற உளவியலாளர்கள் பல்கலைக்கழக மாணவரிடம் இதையே கேட்டு, கணிசமானோர் கண்ணிலிருந்து ஏதோ வெளியே போவதாக நம்புவதை 2002இல் எழுதினார்கள். பழைய கிரேக்கத்தில் யூக்கிளிட் கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதாக வைத்துக்கொண்டே பார்வையின் கேத்திர கணிதத்தை எழுதினார். கணக்கு எங்கும் உதைக்கவில்லை. கோடு நேர்கோடுதான், எந்தப் பக்கம் அம்பு போட்டாலும் கோணம் மாறாது. நம் கதிர்ப்படப் பாடமும் இதே காரணத்தால்தான் இந்தத் தவறைத் தொடாமலே கடந்துபோகிறது. படம் சரியாக வந்துவிடும், மனதில் அம்பு தலைகீழாக இருக்கும், புள்ளியும் முழுதாகக் கிடைக்கும். கண்ணுக்குள் ஒளி வருகிறது என்பதைப் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் இருந்து வாதிட்ட இப்னு அல் ஹைதம் வரைபடத்தை விட்டுவிட்டு வலியிலிருந்து தொடங்கினார்: சூரியனைப் பார்த்தால் கண் நோகிறதே, ஏன்?

எங்கள் வகுப்பில் வலி வேலை செய்யவில்லை. சிறுத்தை செய்தது.

"கண்ணுல வெளிச்சம் இல்லன்னா ராத்திரி சிறுத்தையோட கண்ணு எப்படி சேர் மின்னுது?" என்று கேட்டவர் பொகவந்தலாவைப் பக்கத்துப் பயிலுநர். நியாயமான கேள்வி. மலையகத்தில் தேயிலைக்கும் காட்டுக்கும் இடையில் சிறுத்தை நடமாடுவது ஊரறிந்த விஷயம். டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு பச்சைப் பொட்டைக் கண்டு திரும்பி ஓடிய கதை ஒவ்வொரு லயத்திலும், அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசையிலும், ஒன்று இருக்கும். டோர்ச் இல்லாமல் யாராவது அந்த மின்னலைக் கண்டதுண்டா என்று கேட்டேன். வகுப்பு யோசித்தது. நிலா வெளிச்சத்தில் கண்டதாக ஒருவர் ஆரம்பித்து, அவரே கைவிட்டுவிட்டார். அப்போது இன்னொரு பயிலுநர் பேசினார். அவருடைய அப்பா தோட்டத்தில் இரவு வாச்சர். "அப்பா டோர்ச்ச கண்ணு மட்டத்துக்குத் தூக்கிப் பிடிச்சுத்தான் பார்ப்பாரு சேர். இடுப்புல வச்சு அடிச்சா அவ்வளவா மின்னாதாம்."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. மின்னல் சிறுத்தையின் சொந்தச் சரக்காக இருந்தால் நாம் டோர்ச்சை எங்கே பிடிக்கிறோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்? வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போகிறது. அந்த வழியில் நம் கண் இருந்தால் காண்கிறோம். சிறுத்தை, நாய், மாடு, ஆடு முதலியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் தெறிக்கும் படை ஒன்று உண்டு. விழித்திரையில் பிடிபடாமல் தப்பிய ஒளியை அது திருப்பி அனுப்பி இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கிறது. மனிதருக்கு அந்தப் படை இல்லை. ஆனாலும் போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாக வருவதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அதுவும் உள்ளே போய்த் திரும்பிய வெளிச்சம்தான், விழித்திரைக்குப் பின்னாலுள்ள குருதியின் நிறத்தோடு.

இங்கிருந்து பாடம் நான் திட்டமிடாத பக்கம் போனது. அப்படியானால் பகலில் கண்மணி ஏன் கறுப்பு? அது கறுப்பு நிறமுள்ள ஒரு பொருள் என்றே சிலர் நினைத்திருந்தார்கள், துவாரம் என்று பெயரிட்டுப் பழகியிருந்தும்கூட. ஒருவரின் கண்ணுக்குள் எட்டிப் பார்க்க நாம் தலையைக் கொண்டுபோனால், உள்ளே போகவேண்டிய வெளிச்சத்தை நம் தலையே மறைத்துவிடுகிறது. அதனால் இருட்டுத்தான் தெரியும். 1851இல் ஜெர்மன் பேராசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறிமுகப்படுத்திய விழி உள்நோக்கிக் கருவி இந்தத் தடையைத் தாண்டும் தந்திரம்தான்: வைத்தியர் பார்க்கும் அதே வழியாக வெளிச்சத்தையும் அனுப்புவது. தோட்டத்து வாச்சரும் ஜெர்மன் பேராசிரியரும் டோர்ச்சை ஒரே இடத்தில்தான் பிடித்திருக்கிறார்கள். வகுப்பு இதைக் கேட்டுச் சிரித்தது. எனக்கு அன்றைய பாடத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

இருட்டுக் கேள்வியை விரைவாகவே கடந்தோம். துளி வெளிச்சமும் இல்லாத அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் கண் பழகி ஏதாவது தெரியும் என்று பலர் எழுதியிருந்தார்கள். லயத்துக் காம்பராவில் விளக்கணைத்தால் அப்படித்தானே நடக்கிறது? அங்கே கதவிடுக்கில், தகர இணைப்பில், எங்காவது வெளிச்சம் கசியும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சன்னல் இல்லாத களஞ்சிய அறையின் கதவிடுக்கைத் துணியால் அடைத்து உட்கார்ந்தோம். ஒன்றும் தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் அசைத்த தன் கை மட்டும் தெரிந்ததாகச் சிலர் சாதித்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; கை எங்கே போகிறதென்று மூளைக்குத் தெரியும், அது நிழலைத் தானே போட்டுக்கொள்கிறது. பக்கத்தில் இருந்தவரின் கையைக் காணச் சொன்னதும் சாதிப்பு அடங்கியது.

அதிகம் பேசவேண்டியது பாதி வில்லைக் கேள்வியைப் பற்றி. குவிவு வில்லை ஒன்று சன்னலுக்கு வெளியே உள்ள மலையின் விம்பத்தைத் தாளில் போடுகிறது. வில்லையின் மேல்பாதியைக் கடதாசி மட்டையால் மூடினால் விம்பத்துக்கு என்ன ஆகும்? பாதி மலை காணாமல் போகும் என்று ஏறத்தாழ எல்லோரும் எழுதினார்கள். மேல்பாதியா கீழ்ப்பாதியா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. கோல்ட்பேர்க், மக்டெர்மொட் என்ற ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்விலும் வொஷிங்டன் பல்கலைக்கழகப் பௌதிக மாணவர்கள் இதே விடையைத்தான் சொல்லியிருந்தார்கள். ஆகவே விடை எனக்கு ஆச்சரியமில்லை. அதன் பின்னால் இருந்த உறுதிதான் ஆச்சரியம். படத்தை நன்றாகக் கீறியவர்களே மிக உறுதியாக இருந்தார்கள்.

காரணம் அந்தப் படத்திலேயே இருக்கிறது. நாம் கீறும் இரண்டு கதிர்களும் விம்பம் எங்கே விழும் என்று கண்டுபிடிக்க வசதியானவை, அவ்வளவுதான். மலையுச்சியின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி வில்லை முழுவதிலும் விழுகிறது. முழு வில்லையும் சேர்ந்துதான் அதை ஒரு புள்ளியில் கூட்டுகிறது. பாதியை மூடினால் ஒவ்வொரு புள்ளிக்கும் பாதி ஒளிதான் வந்து சேரும், ஆனால் எல்லாப் புள்ளியும் வந்து சேரும். பயிலுநர்களின் மனதிலோ உலகத்தில் இருப்பதே இரண்டு கதிர்கள். மேல் கதிரை மட்டை மறித்துவிட்டால் தலைப்பக்கம் போயிற்று.

மட்டையை வைத்தோம். மலை மங்கியது, குறையவில்லை. ஒருவர் மட்டையை வாங்கி முக்கால் பங்கை மூடினார். இன்னும் மங்கல், அப்போதும் முழு மலை. அப்புறம் ஒரு பயிலுநர், உயிரியல் பிரிவு, கேட்டதுதான் இந்த ஆய்வை எழுதவே வைத்தது: "அப்ப ஆத்தாவுக்கு வெண்புரை ஆரம்பிச்சப்போ ஒரு பக்கம் மட்டும் மறையலையே, எல்லாமே புகைமூட்டமா இருக்குன்னாங்களே, அது இதனாலயா சேர்?"

அதனால்தான். வில்லையில் ஒரு மூலை வெளிறினாலும் காட்சியில் அந்த மூலைக்கு ஓட்டை விழாது; ஒளி சிதறி எல்லாமே மங்கும், எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு கூசும். விழித்திரையில் ஓரிடம் பழுதானால் கதை வேறு, அப்போது காட்சியின் ஒரு பகுதியே போய்விடும். உயிரியலில் படித்த வில்லையும் பௌதிகத்தில் படித்த வில்லையும் ஒன்றுதான் என்பது அந்தக் கேள்வியில்தான் அவர்களுக்கு உறைத்தது. இரண்டையும் வேறு வேறு தரத்தில், வேறு வேறு கொப்பியில், பெரும்பாலும் வேறு வேறு ஆசிரியரிடம் படித்தவர்கள் அவர்கள். சந்திக்க வாய்ப்பே கொடுக்காமல், சந்திக்கவில்லையே என்று பிள்ளைகளைக் குறைசொல்வது எப்படி?

இன்னொரு விளைவும் இதில் உண்டு. ஒளியை முறிப்பது வில்லையின் வேலை என்று பௌதிகத்தில் படித்ததால், கண்ணிலும் எல்லா முறிவையும் வில்லைக்கே கொடுத்துவிடுகிறார்கள். கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படையான விழிவெண்படலத்துக்கு மிஞ்சுவது 'பாதுகாப்பு'. உண்மையில் ஒளியை முறிக்கும் கண்ணின் மொத்த வலு ஏறத்தாழ 60 தையொத்தர் (அந்த வலுவின் அலகு). அதில் 43 அளவு விழிவெண்படலத்திலேயே முடிந்துவிடுகிறது, ஏனென்றால் காற்றிலிருந்து ஒளி அங்கேதான் நுழைகிறது. ஆற்றில் முங்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கித் தெரிவது இதனால்தான். நீரின் முறிவுச்சுட்டி 1.33, விழிவெண்படலத்தினுடையது 1.376, வித்தியாசம் சொற்பம், வலு போய்விடுகிறது. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தின் வழியாகப் பல நாடுகளுக்கு விழிவெண்படலம் அனுப்பிய நாடு இது. அந்த நாட்டு விஞ்ஞான ஆசிரியர் அதை வெறும் மூடியாக நினைப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

தலைகீழ் விம்பத்துக்கு ஆட்டுக் கண் வாங்கினோம். முதலில் குறித்த நாள் வெள்ளிக்கிழமை. விரதம் இருப்பவர்கள் தொடமாட்டோம் என்றதால் வேறு நாளுக்கு மாற்றினோம். காலையில் அறுத்த ஆட்டின் கண்ணாக இருக்க வேண்டும், நேரம் போனால் இந்தக் குளிரிலும் விழிவெண்படலம் வெளுத்துவிடும். கொழுப்பையும் தசையையும் கழித்து, பின்பக்கம் சிறு சன்னல் வெட்டி, அதில் எண்ணெய்த்தாளை ஒட்டி, இருட்டறையில் மெழுகுதிரியை நோக்கித் திருப்பிப் பிடிக்க வேண்டும். சொல்ல எளிது. பல கண்கள் ஒழுகிக் கெட்டன. ஒன்று சரியாக வந்தது. தாளில் சின்னஞ்சிறு சுடர், தலைகீழாக. பதினேழாம் நூற்றாண்டு அறிஞர்கள் ஷைனரும் தேக்கார்ட்டும் விலங்குக் கண்ணின் பின்புறத்தைச் சீவிக் கண்டது இதைத்தான். கெட்டுப்போன கண்களும் வீண்போகவில்லை. அவற்றைத் திறந்தபோது உள்ளே நீலப்பச்சையாக ஒரு படை பளபளத்தது. "சிறுத்தைக் கண்ணு!" என்று வாச்சரின் மகள் கத்திவிட்டார். பாடநூலின் மனிதக் கண் படத்தில் இல்லாத அந்தப் படையை யாரும் பெயர் கேட்டு மனனம் செய்யவில்லை. அது என்ன செய்கிறதென்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

விம்பம் தலைகீழ் என்றால் நாம் ஏன் நேராகக் காண்கிறோம்? "மூளை திருப்பிவிடுகிறது" என்பது எல்லோரிடமும் தயாராக இருந்த விடை. எப்படித் திருப்புகிறதென்று வரையச் சொன்னால் மண்டைக்குள் இன்னொரு சிறிய கண்ணை வரைகிறார்கள், அது விழித்திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கண்ணுக்குள் விழும் விம்பத்தை யார் திருப்புவது என்று கேட்டால் மௌனம். 1604இல் விழித்திரையில் விம்பம் தலைகீழாக விழுவதைக் கணக்குப்போட்டுக் காட்டிய வானியலாளர் கெப்லரே, அதற்கு மேல் நடப்பதை மற்றவர்களிடம் விட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். ஆகவே மௌனம் வெட்கப்பட வேண்டியதில்லை.

இங்கே உதவியது லயத்துத் தகரம். இராகலைப் பயிலுநர் ஒருவர் சிறுவயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, மூடிய சன்னல் பலகையின் ஓட்டை வழியே எதிர்ச் சுவரில் ஆட்கள் தலைகீழாக நடந்ததைக் கண்டவர். பேய் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லையாம். இன்னொருவர் 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தை நினைவுபடுத்தினார்: யாழ்ப்பாணத்தில் வளையமாகத் தெரிந்தது இங்கே பகுதியாகத் தெரிந்தது, கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியே தரையில் விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறையாக மாறியிருந்தன. தினமும் தரையில் விழும் வட்டப் பொட்டு ஓட்டையின் வடிவம் என்றே அதுவரை அவர் நினைத்திருந்தார். அது சூரியனின் விம்பம். சரி, அந்தச் சுவரில் ஆட்கள் தலைகீழாக நடந்தபோது அந்தச் சுவரை யார் பார்த்தார்? காய்ச்சலில் கிடந்த சிறுமி. விழித்திரை என்ற சுவரைப் பார்க்க உள்ளே யாரும் கிடக்கவில்லை. அங்கே ஒளி நரம்புச் செய்தியாக மாறி முடிந்துவிடுகிறது. கீழ்ப்பகுதிக் கலங்கள் தூண்டப்பட்டால் அது மேலே உள்ள பொருள் என்று கையும் காலும் தலையும் சேர்ந்து பழகிய ஒரு பொருத்தம்தான் 'நேர்'. 1890களில் ஸ்ட்ராற்றன் என்ற உளவியலாளர் உலகைக் கவிழ்த்துக்காட்டும் வில்லையைக் கண்ணில் கட்டிக்கொண்டு நடமாடினார். சில நாளில் கை தடுமாறாமல் பழகிக்கொண்டது.

இந்த விளக்கம் எல்லோருக்கும் இறங்கியதாகச் சொல்லமாட்டேன். "திருப்பத் தேவையில்லை" என்பதைத் "திருப்புகிறது" என்பதற்குப் பதிலாக மனனம் செய்துகொண்டவர்களும் இருந்தார்கள்.

அண்மைப் பொருளைப் பார்க்க வில்லையைச் சுற்றியுள்ள தசை சுருங்கினால் வில்லை இழுபட்டு மெலியும் என்ற பிழை ஒரு நாடாவையும் கைகளையும் வைத்து ஒரே பாடத்தில் தீர்ந்தது. தசை ஒரு வளையம். வளையம் சுருங்கினால் இழைகள் தளரும். வில்லை தன் இயல்பில் தடிக்கும். கரட் தின்றால் குறும்பார்வைக் கண்ணாடியைக் கழற்றலாம் என்ற நம்பிக்கை அவ்வளவு சுலபமில்லை, கரட் விளையும் நுவரெலியாவில் அதுவும். விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது உண்மை. ஆனால் குறும்பார்வைக்குக் காரணமான நீண்ட கண்கோளத்தைக் கரட் குட்டையாக்காது.

கட்டுறுப் பயிற்சியின்போது வாச்சரின் மகளின் பாடத்தை ஒரு தோட்டப் பாடசாலையில் உட்கார்ந்து பார்த்தேன். தரம் 9. படத்தை ஒட்டாமல் கைவில்லையோடு தொடங்கினார். சன்னலுக்கு வெளியே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைச் சுவரில் தலைகீழாகப் போட்டார். பிள்ளைகள் தங்கள் அம்மாவைத் தேடினார்கள். பாதியை மூடும் கேள்வியைக் கேட்டு, கையுயர்த்தச் சொல்லி, பிறகுதான் மூடினார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் பின்வாங்கில் ஒருவன், "அப்ப நம்ம ஏன் டீச்சர் நேரா பாக்குறோம்?" என்றான். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "மூளை திருப்பிடும்" என்றார்.

பாடம் முடிந்ததும் நான் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார். மணியடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது, வகுப்பாசிரியர் கடந்தகால வினாத்தாளை மேசையில் வைத்துக் காத்திருந்தார், படத்தைப் பெயரிடும் வேலை இன்னும் தொடங்கவேயில்லை. அந்த வகுப்பாசிரியரின் கவலையும் பொய்யில்லை. பரீட்சையில் புள்ளி கிடைப்பது பெயருக்கு. சின்னக் கண் ஒன்றை மண்டைக்குள் வைத்துக்கொண்டு முழுப்புள்ளி எடுக்கும் வினாத்தாள் இருக்கும்வரை, ஆசிரியர் எதற்கு நேரம் ஒதுக்குவார் என்பது தெரிந்ததே. மறுவாரப் பாடத்தில் அவர் பெயரிடுதலை வீட்டுவேலையாக்கி, அந்தப் பையனின் கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவைத்தார். ஊசித்துளைப் பெட்டி செய்யும் நாளில் அதை எடுப்பதாகத் திட்டம்.

அடுத்த தொகுதிக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு மாற்றம். கண்ணின் பாடத்துக்கு உயிரியல், பௌதிக விரிவுரையாளர்கள் இருவரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் இருக்கிறோம். பாதி வில்லைக் கேள்வி படத்துக்கு முன்னால் வருகிறது. ஆட்டுக் கண் வியாழக்கிழமை.